அப்படி ஒருவர் இங்கே இல்லை

அந்த வீட்டின் முன்னறை, தராசு பழுது பார்க்கும் பட்டறை. நடுவில் கனமான கல் மேசை. அதன் மேல் வயிறு திறந்து கிடக்கும் இரண்டு மூன்று எலக்ட்ரானிக் தராசுகள். சுவரோரம் ஒரு மரப்பெட்டியில், வெல்வெட் குழிகளுக்குள் வரிசையாகப் படுத்திருக்கும் எடைக்கற்கள். அவற்றைக் கையால் தொடக் கூடாது. விரலின் ஈரம் ஒட்டினால் எடை கூடிவிடும் என்று பட்டறைக்காரரே இடுக்கியால்தான் எடுப்பார். வீட்டுக்கு வருகிறவர்கள் சோபாவில் கால் நீட்டலாம், குளிர்பதனப் பெட்டியைத் திறந்து பார்க்கலாம். எடைக்கல்லைத் தொட்டால் உறவு அறுந்தது.

கல் மேசைக்கு அடியில், மனிதர்கள் கால் வைக்கிற இடத்தில், ஒரு பழைய கம்ப்யூட்டர் ஓயாமல் முனகிக்கொண்டிருக்கும். அதுதான் குடும்பத்தின் தபால் நிலையம். உலகமே பெரிய கம்பெனிகள் இலவசமாகத் தருகிற மின்னஞ்சல் பெட்டியில் குடியிருக்க, இவர் மட்டும் பதினான்கு வருடமாகச் சொந்தத் தபால் நிலையம் நடத்துகிறார். ஊழியர் ஒருவர், அவரேதான். வாடிக்கையாளர் ஏழு பேர், எல்லோரும் சொந்தக்காரர்கள், ஒருவரும் விரும்பி வந்தவர்கள் இல்லை.

இந்த வைராக்கியத்துக்கு ஒரு காரணம் உண்டு. பதினான்கு வருடத்துக்கு முன் ஒரு நாள் காலையில் அந்த இலவசக் கம்பெனி அவருடைய பெட்டியைப் பூட்டிவிட்டது. "நீங்கள் எங்கள் விதியை மீறிவிட்டீர்கள்" என்றது. எந்த விதி என்று கேட்டார். "அதைச் சொல்ல இயலாது" என்றது. எடை குறைகிறது என்று ஒரு தராசை ஒதுக்கினால்கூட எத்தனை கிராம் குறைகிறது என்று துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுக்கிற மனிதர் அவர். அந்தப் பதில் அவருக்குத் தொண்டையில் சிக்கிய மீன் முள் மாதிரி ஆகிவிட்டது. ஆறு மாதம் உட்கார்ந்து படித்தார். தன் வீட்டுக்குத் தானே தபால்காரரானார்.

'போஸ்ட் மாஸ்டர்' என்ற பட்டம் மனைவி கொடுத்தது. கேலிக்குத்தான் கொடுத்தாள். ஆனால் அவர் அதை விருது மாதிரி வாங்கிக்கொண்டார். ஏனென்றால் தபால் கணினிகளின் உலகத்தில் ஒரு பழைய விதி உண்டு. சொந்தமாகத் தபால் நடத்துகிறவர் வீடானாலும் சரி, பெரிய நிறுவனமானாலும் சரி, 'போஸ்ட் மாஸ்டர்' என்ற பெயரில் ஒரு பெட்டி வைத்தே ஆக வேண்டும். அதற்கு வரும் கடிதத்தைத் திருப்பி அனுப்பக் கூடாது. பொறுப்பான ஒரு மனிதர் அதைப் படிக்க வேண்டும். இவருடைய அந்தப் பெட்டிக்குப் பதினான்கு வருடத்தில் வந்ததெல்லாம் முடி வளரும் தைலமும் எடை குறையும் மாத்திரையும்தான். ஒவ்வொன்றையும் படித்தார். விதி என்றால் விதி.

அவருக்கு இன்னும் இரண்டு பெருமைகள் இருந்தன. அன்றைக்கு நடந்ததெல்லாம் அவற்றால் வந்தது என்பதால் சொல்லிவிட வேண்டும்.

முதலாவது, கூட்டல் குறி. மின்னஞ்சல் முகவரியில் பெயருக்குப் பின்னால் ஒரு கூட்டல் குறி போட்டு வால் ஒன்று சேர்த்துக்கொள்ளலாம். செருப்புக் கடைக்கு முகவரி கொடுத்தால் பெயர், கூட்டல், 'செருப்பு'. பல் மருத்துவருக்குக் கொடுத்தால் பெயர், கூட்டல், 'பல்'. எல்லாம் ஒரே பெட்டிக்குத்தான் வரும். ஆனால் யாருக்குக் கொடுத்த முகவரி என்று தெரிந்துவிடும். 'செருப்பு' என்ற வாலோடு ஒரு தடவை காப்பீட்டு விளம்பரம் வந்தபோது, அந்தக் கடைக்கே போய், "என் முகவரியை யாருக்குக் குடுத்தீங்க?" என்று நின்றார். கடைக்காரர் பயந்துபோய் ஒரு ஜோடி சாக்ஸ் கொடுத்து அனுப்பினார்.

கூட்டல் குறி முகவரியில் இருக்கலாம் என்பது சட்டம். ஆனால் பாதி இணையதளங்கள் அதைக் கண்டதும் முகம் சுளித்து, 'சரியான முகவரியைத் தரவும்' என்று சிவப்பில் எழுதும். அப்படி எழுதிய ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அவர் கண்டனக் கடிதம் போட்டார். அறுபத்து மூன்று போட்டதில் பதில் வந்தது நான்கு. அதில் மூன்று, எங்கள் பொருள்களில் ஆர்வம் காட்டியதற்கு நன்றி என்றன.

இரண்டாவது பெருமை, காவலன். முன்பின் தெரியாத கணினி ஒன்று கடிதத்தோடு வந்து கதவைத் தட்டினால், இவருடைய கணினி உடனே வாங்காது. "இப்போ முடியாது, அப்புறம் வா" என்று அனுப்பிவிடும். குப்பை அனுப்புகிறவனுக்குப் பொறுமை கிடையாது, திரும்ப வர மாட்டான். யோக்கியமான தபால்காரன் சற்று நேரம் கழித்து மறுபடி வருவான். முகம் பார்த்த ஆள் என்று காவலன் வழிவிடுவான். இந்த ஏற்பாட்டை விளக்கும்போது அவர் குரலில் ஒரு தகப்பனின் குழைவு தெரியும்.

அன்று காலை பதினொன்றே முக்கால் மணிக்கு மச்சினி உள்ளே வந்தாள். செருப்பைக் கழற்றவில்லை. அதிலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது.

மனைவியின் ஒரே தங்கை. வீட்டில் சின்னி. இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். ஆஸ்பத்திரி வார்டில் பதினைந்து வருடமாக நர்ஸ். பிரசவம் பார்க்கும் மேற்பயிற்சி ஒன்றுக்கு மூன்றாவது தடவையாக விண்ணப்பித்திருந்தாள். முதல் இரண்டு தடவையும் காத்திருப்போர் பட்டியலோடு நின்றுபோனது. மொத்தமே இருபத்தாறு இடம். வயது வரம்பு நாற்பது. அவளுக்கு அடுத்த மாதம் நாற்பது. இந்தத் தடவை விட்டால் நாலாவது தடவை என்று ஒன்று கிடையாது.

"அத்தான், எனக்கு மெயில் ஏதாவது வந்திருக்கா?"

"வந்திருந்தா உன் போன்லயே காட்டுமே."

"காட்டல. என் கூட வேலை பார்க்கிறவளுக்கு நேத்து சாயங்காலமே வந்துடுச்சாம். இப்பதான் சொன்னா. நான் அவங்க தளத்துல போய்ப் பார்த்தேன். என் நம்பர் இருக்கு அத்தான். செலக்டட்னு இருக்கு. பக்கத்துல 'கடிதம் அனுப்பப்பட்டது'ன்னு இருக்கு."

"அட! வாழ்த்துக்கள்மா!"

"வாழ்த்த அப்புறம் வெச்சுக்கலாம். அந்தக் கடிதத்துல ஒரு லிங்க் இருக்காம். அதுக்குள்ள போய் உறுதி பண்ணணும். இன்னிக்கு மூணு மணிக்குள்ள. இல்லன்னா இடம் அடுத்த ஆளுக்குப் போயிடும்."

அவர் கையிலிருந்த இடுக்கியை வைத்தார். இருபது கிராம் கல்லை அதன் குழியில் வைக்காமல் மேசையிலேயே வைத்தார். அவர் வாழ்க்கையில் அது சின்ன விஷயம் இல்லை.

திரையை இழுத்துக் கணினியின் பதிவேட்டைத் திறந்தார். யார் வந்தார்கள், எப்போது வந்தார்கள், என்ன பதில் சொன்னோம் என்று ஒவ்வொரு வரியும் அதில் இருக்கும். தபால் கணினிகள் அதிகம் பேசாது. எண்ணில் பதில் சொல்லும். இரண்டில் தொடங்கும் எண் என்றால், 'சரி, வாங்கிக்கொண்டேன்'. நாலில் தொடங்கினால், 'இப்போது முடியாது, அப்புறம் வா'. ஐந்தில் தொடங்கினால், 'இனி இந்தப் பக்கம் தலை காட்டாதே'. நாலு கேட்டவன் திரும்பி வருவான். ஐந்து கேட்டவன் வரவே மாட்டான், ரோஷக்காரன்.

நேற்று மாலை ஐந்து பன்னிரண்டுக்கு அந்த வரி இருந்தது.

பயிற்சி நிலையத்தின் கணினி கடிதத்தோடு வந்திருக்கிறது. யாருக்கு? சின்னி, கூட்டல், பயிற்சி என்ற முகவரிக்கு அல்ல. 'சின்னிபயிற்சி' என்ற முகவரிக்கு. நடுவிலிருந்த கூட்டல் குறியை அவர்களுடைய படிவம் தின்று ஏப்பம் விட்டிருந்தது. அப்படி ஒரு பெட்டி இந்த வீட்டில் இல்லை. அதனால் இவருடைய கணினி, பதினான்கு வருடப் பயிற்சியோடு, கொஞ்சமும் தயங்காமல் பதில் சொல்லியிருந்தது: ஐந்நூற்று ஐம்பது. அப்படி ஒருவர் இங்கே இல்லை.

அவர் அந்த வரியை மூன்று தடவை படித்தார். காது மடல் சூடானது.

"என்ன அத்தான், இருக்கா?"

"பார்த்துட்டிருக்கேன்."

பொய் இல்லை. பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அவர் முதுகுக்குப் பின்னால் மனைவி எப்போதோ வந்து நின்றிருந்தாள். அவளுக்குக் கணினி தெரியாது. கணவரின் பின்கழுத்து தெரியும்.

"அந்த வரியையே ஏன் முறைச்சுக்கிட்டு இருக்கீங்க? அதுல சின்னின்னு எழுதியிருக்கே. வந்துச்சா?"

"வந்துச்சு."

"அப்புறம்?"

"நாமதான்... அப்படி யாரும் இல்லன்னு சொல்லி அனுப்பிட்டோம்."

"நாமளா?" என்றாள் மனைவி. "நான் அடுப்படில இருந்தேன். இதுல 'நாம' எங்கேருந்து வந்துச்சு?"

அவர் விளக்க ஆரம்பித்தார். தவறு அவர்கள் பக்கம்தான், கூட்டல் குறி முகவரியில் வரலாம் என்பது எழுதி வைத்த சட்டம், அதைத் தின்கிற படிவம் படிவமே இல்லை, பெயர் தெரியாதவனைத் திருப்பி அனுப்புவதுதான் ஒழுங்கான தபால் நிலையத்தின் இலக்கணம். அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரி. ஒரு கிராம் கூடக் குறையவில்லை. சரியாக இருப்பதால் ஒரு பயனும் இல்லாத நிலைமை ஒன்று உண்டு என்பது அப்போதுதான் அவருக்கு வாய்க்குள்ளேயே கசந்தது. பாதியில் நிறுத்தினார்.

சின்னி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. ஸ்டூலில் உட்கார்ந்து, போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"எனக்கு வேற ஐடி ஒண்ணு இருக்கு அத்தான். அந்த இலவச ஐடி. மூணு வருஷமா வெச்சிருக்கேன். உங்ககிட்ட சொல்லல."

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி ஜன்னலைப் பார்த்தாள். அவளுக்கும் ஒன்று இருந்தது என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. ஏழு வாடிக்கையாளரில் எத்தனை பேர் உண்மையில் இவரிடம் இருந்தார்கள் என்று எண்ணிப் பார்க்க அது நேரமில்லை.

"ஃபார்ம்ல முதல்ல அதைத்தான் போட்டேன்," என்றாள் சின்னி. "அன்னிக்கு சாப்பிடும்போது நீங்க கேட்டீங்க, எந்த அட்ரஸ் குடுத்திருக்கேன்னு. வருத்தப்படுவீங்களேன்னு வீட்டுக்குப் போய் மாத்திட்டேன்."

மேசைக்கு அடியில் முனகல் மட்டும் கேட்டது.

மணி பன்னிரண்டேகால். பயிற்சி நிலையம் ரயிலில் ஐந்து மணி நேரம். நேரில் போக வழியில்லை. சின்னி போன் செய்தாள். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது. நீங்கள் வரிசையில் பதினேழாவது நபர்' என்றது ஒரு குரல். இருபது நிமிடம் சங்கீதம் கேட்டபின் பதினைந்தாவது நபரானாள். பிறகு தொடர்பு அறுந்தது. மறுபடி போட்டாள். இருபத்திரண்டாவது நபர். சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினால், அனுப்பிய விரலை எடுக்கும் முன்பே பதில் வந்தது: 'இந்தப் பெட்டியை யாரும் பார்ப்பதில்லை.'

"யாரும் பார்க்காத பெட்டிய எதுக்கு வெச்சிருக்காங்க?" என்றாள் மனைவி.

அவர் நிமிர்ந்தார். யாரும் பார்க்காத பெட்டி. யாராவது பார்த்தே ஆக வேண்டிய பெட்டி என்று ஒன்று இருக்கிறதே!

"போஸ்ட் மாஸ்டருக்கு எழுதறேன்."

"உங்களுக்கு நீங்களே எழுதி என்ன ஆகப் போகுது?"

"அவங்க போஸ்ட் மாஸ்டருக்கு. அங்கேயும் ஒருத்தர் இருக்கணும். விதி."

"இருப்பாங்களா?"

இருப்பார்களா என்பது அவருக்கே தெரியாது. உலகத்தில் பாதிப் பேர் அந்தப் பெட்டியை வைப்பதே இல்லை. வைத்தவர்களில் பாதிப் பேர் திறப்பதில்லை. ஆனால் உட்கார்ந்து எழுதினார். வேகமாக எழுதினார். நான்கு பத்தி. கூட்டல் குறியின் சட்டபூர்வமான நிலை, விதியின் எண், பிரிவு, உட்பிரிவு, தங்கள் படிவத்தின் அறியாமை, அதனால் சமூகத்துக்கு ஏற்படும் தீங்கு. மனைவி தோளுக்கு மேலாகப் படித்தாள்.

"என்னங்க, ஒண்ணு கேக்கட்டுமா? சண்டைக்கு எழுதறீங்களா, சீட்டுக்கு எழுதறீங்களா?"

அவர் விரல்கள் நின்றன. நான்கு பத்தியையும் அழித்தார். ஒரு பல்லைத் தானே பிடுங்கிக்கொள்கிற மாதிரி இருந்தது. பிறகு எழுதினார்: விண்ணப்ப எண் இது. கடிதம் நேற்று ஐந்து பன்னிரண்டுக்கு வந்து, என் தவறால் திரும்பிவிட்டது. மூன்று மணி கெடு. தயவுசெய்து மறுபடி அனுப்ப முடியுமா?

'என் தவறால்' என்பதை மனைவி சொல்லித் தரவில்லை. அவரே எழுதினார். அனுப்பும்போது மணி ஒன்று பத்து.

"போன் நம்பர் போட்டீங்களா?"

அவர் கூரையைப் பார்த்தார்.

"கடிதத்துல போன் நம்பர் போட்டா கடிதத்துக்கு மரியாதையில்லைன்னு நினைச்சிருப்பீங்க."

நினைத்திருக்கவில்லை, மறந்துபோனார். ஆனால் அவள் சொன்னது கௌரவமாக இருந்ததால் மறுக்கவில்லை. இரண்டாவது கடிதம் அனுப்பினால் குப்பை அனுப்புகிறவன் என்று நினைத்துவிடுவார்கள் என்று மட்டும் முனகினார்.

காத்திருந்தார்கள். சின்னி வரிசையில் பத்தொன்பதாவது நபராக இருந்தாள். ஒரு கடைக்காரர் தராசை எடுத்துப் போக வந்து, மூன்று பேரின் முகத்தையும் பார்த்து, "சரி, நாளைக்கு வரேன்" என்று செருப்புச் சத்தம் கேட்காமல் போய்விட்டார்.

ஒன்று ஐம்பத்திரண்டுக்குப் பதிவேட்டில் ஒரு வரி துள்ளியது.

"வந்துட்டாங்க!" அவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். "அவங்க கணினிதான். நமக்குப் பதில்!"

"எங்க? காட்டுங்க."

"இப்ப உள்ள வரல. காவலன் அப்புறம் வான்னு சொல்லியிருக்கான். நாலுல ஆரம்பிக்கிற நம்பர்தான், பயப்படாத. பத்து நிமிஷத்துல திரும்பி வருவாங்க. யோக்கியமான ஆளுங்க."

இரண்டு இரண்டுக்குத் திரும்பி வந்தார்கள். காவலன் மறுபடி, "அப்புறம் வா" என்றான்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். வந்தது அவர்கள்தான், ஆனால் அதே கணினி இல்லை. பெரிய நிறுவனம். கடிதம் அனுப்பப் பன்னிரண்டு கணினி வைத்திருக்கிறார்கள். ஒன்று தட்டித் திரும்பினால், அடுத்த தடவை இன்னொன்று வருகிறது. காவலனுக்கு முகம் பார்த்துத்தான் பழக்கம். ஒவ்வொரு தடவையும் புது முகம்; ஒவ்வொரு தடவையும் அப்புறம் வா. பன்னிரண்டு அண்ணன் தம்பிகளும் ஒருவர் பின் ஒருவராக வாசலில் வந்து நின்று, அவமானப்பட்டுத் திரும்புவார்கள். அதோடு ஒவ்வொரு தடவையும் இடைவெளி கூடிக்கொண்டே போகும். பத்து நிமிடம், இருபது, நாற்பது. நாற்பது என்றால் மூன்று மணி தாண்டிவிடும்.

"என்ன ஆச்சு?" சின்னி போனைக் காதிலிருந்து எடுத்தாள்.

"காவலன் விடமாட்டேங்கறான்."

"அந்தக் காவலன வெச்சது யாரு?" என்றாள் மனைவி.

"நான்தான்."

"வேலைய விட்டுத் தூக்குங்க."

எட்டு வருடம் ஒரு நாள் விடுப்பு எடுக்காமல் நின்றவன். எத்தனை தைலத்தை, எத்தனை மாத்திரையை, எத்தனை லாட்டரியை அந்த வாசலிலேயே மடக்கியவன். அவர் அமைப்புக் கோப்பைத் திறந்தார். ஒரு வரிதான். அதன் முன்னால் ஒரு குறி போட்டால் காவலன் இல்லை. போட்டார். கணினியின் முனகல் ஒரு நொடி நின்று, மறுபடி தொடங்கியது.

கதவு இப்போது திறந்து கிடந்தது. பட்டறையில் மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு பதினைந்து. இரண்டு பதினெட்டு. சின்னி நகத்தைக் கடிக்கவில்லை. நர்ஸ், நகம் கிடையாது. கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள்.

இரண்டு இருபத்திரண்டுக்கு மூன்றாவது தம்பி வந்தான். உள்ளே விட்டார்கள்.

'உங்கள் கடிதம் கிடைத்தது. இந்தப் பெட்டி என் பொறுப்பு என்றே இன்றைக்குத்தான் எனக்கு ஞாபகம் வந்தது. அவசரம் என்றால் கூப்பிடுங்கள்' என்று ஒரு போன் நம்பர் இருந்தது.

"பாருங்க, அவங்க கடிதத்துல நம்பர் போட்டிருக்காங்க. கடிதத்துக்கு ஒண்ணும் ஆகல," என்றபடி மனைவி எண்ணைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

ஒரு பெண் குரல் எடுத்தது. பின்னால் பெரிய மின்விசிறிகளின் இரைச்சல்.

"போஸ்ட் மாஸ்டருங்களா?" என்றார் இவர்.

"ஐயோ, சார், நான் கம்ப்யூட்டர் ரூம் பார்க்கிறவ. பிரிண்டர் அடைச்சுக்கிட்டாலும் நான்தான், போஸ்ட் மாஸ்டரும் நான்தான். நீங்க?"

"நானும் போஸ்ட் மாஸ்டர்தாங்க."

ஒரே அபூர்வ வியாதிக்காரர்கள் இருவர் சந்தித்துக்கொண்ட மாதிரி இருந்தது.

"சார், பார்த்துட்டேன். எங்க ஃபார்ம் கூட்டல் குறிய எடுத்துடுது. ஆனா அட்ரஸ மாத்தற அதிகாரம் எனக்கில்ல. அட்மிஷன் ஆபீஸ்லதான் மாத்தணும்."

"அவங்ககிட்ட சொல்ல முடியுமா?"

"அவங்க எனக்கு மேல் மாடிதான். போன் பண்ணேன், எடுக்கல. ஏறிப் போய்ப் பார்த்தேன், மூணு மணி வரைக்கும் மீட்டிங்னு கதவுல ஒட்டியிருக்கு."

சின்னி கண்ணை மூடினாள்.

"அந்த லிங்க மட்டும் எடுத்து அனுப்ப முடியாதாம்மா?"

"கடிதத்துக்குள்ள பார்க்கவும் எனக்கு அனுமதியில்ல சார். மறுபடி அனுப்புன்னு ஒரு பட்டன் இருக்கு. அதை அமுக்கலாம். ஆனா அது அதே தப்பான அட்ரஸுக்குத்தான் போகும். சின்னிபயிற்சி." மின்விசிறி இரைந்தது. "உங்க பக்கம் அந்தப் பேர்ல ஒரு பெட்டி இருந்தா வந்து சேர்ந்துடும். தப்பான பேர உங்க வீட்ல சேர்த்துக்குவீங்களா?"

அவர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார்.

தயங்கினார் என்று சொல்வது நியாயமில்லை, ஆனால் தயங்கினார். பதினான்கு வருடத்தில் இந்தக் கணினியில் இல்லாத ஆளின் பெயர் ஒன்றுகூட ஏறியதில்லை. அவர் தொழிலில் எடை குறையும் தராசுக்கு ஏற்றபடி கல்லைத் தேய்த்துக் கொடுக்கச் சொல்லி வருகிறவர்கள் உண்டு. அவர்களை வாசலோடு அனுப்புவார். தராசைத்தான் திருத்த வேண்டும். கல்லைத் தொடக் கூடாது. இப்போது கல்லைத் தேய்க்கச் சொல்கிறார்கள்.

ஸ்டூலில் இருந்த சின்னியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. மேசையில் அநாதையாகக் கிடந்த இருபது கிராம் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சேர்த்துக்கறேங்க," என்றார்.

அவசரத்தில் முதல் தடவை தப்பான பெயரையே தப்பாக அடித்தார். அழித்து அடித்தார். அந்தப் பெயருக்கு வருவது சின்னியின் பெட்டிக்கே போகும்படி செய்தார். சேமித்தார். கணினி புதுப் பட்டியலைப் படித்து முடிக்க வேண்டும். அந்தப் பழைய கிழம் அதற்கும் நேரம் எடுத்துக்கொண்டது. இரண்டு முப்பத்தெட்டு.

"ஆச்சு. அமுக்குங்க."

"அமுக்கிட்டேன் சார். ஆனா இன்னிக்கு எங்க வரிசைல கூட்டம். வெளிய போற கேட்ல கொஞ்சம் நிக்கும்."

இங்கேயும் வரிசைதான். சின்னி சிரிக்கிற மாதிரி ஒரு சத்தம் எழுப்பினாள், சிரிப்பு இல்லை. இரண்டு நாற்பத்திரண்டு. நாற்பத்தைந்து. திறந்து கிடந்த கதவைக் கண்டு அதற்குள் ஒரு முடி வளரும் தைலம் நுழைந்தது. மூன்று பேரும் திடுக்கிட்டு, பிறகு அதைத் திட்டினார்கள். நாற்பத்தேழு. போனில் அந்தப் பெண்ணும் துண்டிக்காமல் இருந்தாள்; மின்விசிறி மட்டும் கேட்டது.

இரண்டு நாற்பத்தொன்பதுக்குச் சின்னியின் போன் டிங் என்றது.

அவள் லிங்கைத் தொட்டாள். பக்கம் திறந்தது. விண்ணப்ப எண், பிறந்த தேதி, மின்னஞ்சல் முகவரி மூன்றையும் அடித்து உறுதி செய்யச் சொன்னது. அடித்தாள். சிவப்பு எழுத்து வந்தது: 'சரியான முகவரியைத் தரவும். இன்னும் இரண்டு முயற்சிகள்.'

"அவசரத்துல தப்பா அடிச்சிருப்ப. நிதானமா," என்றாள் மனைவி.

மறுபடி அடித்தாள். ஒவ்வொரு எழுத்தாக, மருந்து அளக்கிற மாதிரி. 'சரியான முகவரியைத் தரவும். இன்னும் ஒரு முயற்சி.' இரண்டு ஐம்பத்து மூன்று.

"அத்தான்."

அவர் போனை வாங்கிப் பார்த்தார். பழக்கதோஷத்தில் அவள் கை தானாக அடித்திருந்தது: சின்னி, கூட்டல், பயிற்சி. சட்டப்படி சரியான முகவரி. விதியின் எண்ணும் பிரிவும் உட்பிரிவும் அவர் நாக்கு நுனி வரை வந்தன. அறுபத்து மூன்று கண்டனக் கடிதங்களும் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றன.

"கூட்டல எடு," என்றார்.

"எடுக்கட்டுமா?"

"எடும்மா. ஒண்ணா சேர்த்து அடி. அவங்களுக்கு அதுதான் நீ."

சின்னி எடுத்தாள். அமுக்கினாள். சக்கரம் ஒன்று சுற்றியது, சுற்றியது. பிறகு பச்சையில் ஒரு வரி: 'உங்கள் இடம் உறுதி செய்யப்பட்டது.' இரண்டு ஐம்பத்தாறு.

மனைவி கல் மேசையில் சாய்ந்துவிட்டாள். சின்னி ஸ்டூலிலிருந்து எழுந்து, எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்ததால், மேசையில் கிடந்த இருபது கிராம் எடைக்கல்லை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வெறும் கையால். அவர் பார்த்தார். வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

"கிடைச்சுதா சார்?" என்றது போன்.

"கிடைச்சுதுங்க. ரொம்ப நன்றிங்க."

"இருக்கட்டும் சார். அந்தக் கூட்டல் குறி விஷயம், ஃபார்ம் போட்ட கம்பெனிக்கு எழுதணும். எனக்கு விவரமா எழுத வராது. நீங்க யாராவது எழுதிக் குடுத்தா..."

"நாலு பத்தி இருந்துச்சு," என்றாள் மனைவி. "நான்தான் அழிக்கச் சொன்னேன். மறுபடி எழுதச் சொல்றேன், சந்தோஷமா எழுதுவாரு."

எழுதினார். அடுத்த வாரமே போனது. இரண்டு மாதம் கழித்துப் படிவம் திருத்தப்பட்டது. இப்போது அது கூட்டல் குறியை ஒழுங்காக ஏற்றுக்கொள்கிறது, புள்ளியைத் தின்கிறது. அதைப் பற்றி ஐந்து பத்தி தயாராகிறது.

காவலனை மறுநாளே வேலையில் சேர்த்துக்கொண்டார். அந்தப் பன்னிரண்டு சகோதரர்களை மட்டும் கேள்வி கேட்காமல் விடச் சொல்லி. இருபது கிராம் கல்லைத் துடைத்து, எடை பார்த்து, குழியில் படுக்க வைத்தார். தன் ஏழு வாடிக்கையாளர்களில் இலவசப் பெட்டி வைத்திருப்பவர்கள் யார் யார் என்று அவர் கேட்கவில்லை. மனைவி தானாகச் சொல்ல வந்தபோதும், "வேண்டாம், இருக்கட்டும்" என்றார்.

பயிற்சி நிலையம் சின்னியை வேறு பெயரால் அழைப்பதே இல்லை. பாட அட்டவணை, பரீட்சைத் தேதி, பிரசவ வார்டு நேரம், எல்லாம் 'அன்புள்ள சின்னிபயிற்சி அவர்களுக்கு' என்றுதான் வருகிறது. அடையாள அட்டையிலும் அதுதான். கூடப் படிக்கிறவர்கள் அவளை 'பயிற்சி' என்றே கூப்பிடுகிறார்களாம். முகவரியை மாற்றக் கோரி விண்ணப்பிக்கலாம். அதற்கு ஒரு படிவம் இருக்கிறது. யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

அவருடைய கணினியில் அந்தப் பெயர் இன்னும் இருக்கிறது. பெயர்ப் பட்டியலில் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் குறிப்பு எழுதுவது அவர் வழக்கம். அந்த வரிக்குப் பக்கத்தில், 'தப்பு. இருக்கட்டும்' என்று எழுதியிருக்கிறார். காலையில் பட்டறையைத் திறந்ததும் முதல் வேலையாகப் பதிவேட்டைப் பார்க்கிறார். பெரும்பாலான நாள் அந்த வரி இருக்கும். சின்னிபயிற்சி. இருநூற்று ஐம்பது. வாங்கிக்கொண்டேன்.